இறக்கிய காருக்குப் பெரிய ரிம் எதற்கு?

ஸ்பிரிங் மாற்றிக் காரை ஒன்றரை அங்குலம் இறக்கியாயிற்று. அடுத்து என்ன என்று கேட்டால் வருகிற பதில் அநேகமாக ஒன்றுதான்: "17 இன்ச் அலாய் போட்டுடுங்க சார், டயரை லோ ப்ரொஃபைல் ஆக்கிடுங்க, அப்பதான் லுக் வரும்." சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் இதையேதான் சொல்வார்கள். இறக்கிய காரில் 15 அங்குல ரிம்மோடு வந்து நின்றால், "பட்ஜெட் முடிஞ்சிருச்சா ப்ரோ?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

இதை எதிர்க்கிறவர்கள் வழக்கமாகக் குழியையும் இடுப்பு வலியையும் மைலேஜையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனால் அழகுக்காகக் காரை இறக்கியவரிடம் போய் மைலேஜ் பேசுவது வீண் வேலை. அதையெல்லாம் தலைமுழுகிவிட்டுத்தான் அவர் இறக்கியிருக்கிறார். அவருடைய களத்திலேயே நின்று பேசுவோம். அழகு ஒன்றையே அளவுகோலாக வைத்துப் பார்த்தாலும் "காரை இறக்கினால் ரிம்மை ஏற்று" என்பது தப்பான யோசனை.

"கேப் ரொப்பணும்" என்பதுதான் முதலில் நீட்டப்படும் காரணம். ஃபெண்டருக்கும் சக்கரத்துக்கும் நடுவே தெரிகிற வெற்றிடத்தைத்தான் கேப் என்கிறார்கள். மாருதி ஸ்விஃப்ட்டை எடுத்துக்கொள்வோம். கம்பெனியிலிருந்து அது வந்த டயர் அளவுகளில் ஒன்று 185/65 ஆர்15. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது சைடுவாலின் உயரம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதற்கான எண். கணக்குப் போட்டால் சைடுவால் 120 மி.மீ. மேலே ஒரு 120, கீழே ஒரு 120, நடுவில் 381 மி.மீ. ரிம், மொத்த விட்டம் 621. இதைக் கழற்றிவிட்டு 205/45 ஆர்17 மாட்டுகிறார்கள். சைடுவால் 92, ரிம் 432, மொத்தம் 616. ஆக, ஐம்பது அறுபதாயிரம் கொடுத்து வாங்கிய "பெரிய" சக்கரம் பழையதைவிட 5 மி.மீ. சின்னது. கேப் ரொம்பவில்லை. இரண்டரை மில்லிமீட்டர் கூடியிருக்கிறது.

இது கடைக்காரரின் தவறும் இல்லை. ரிம்மை ஏற்றும்போது மொத்த விட்டத்தை அப்படியே வைத்துக்கொள்வதுதான் முறை. இல்லாவிட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், திருப்பத்தில் டயர் உரசும். கேப்பைக் குறைக்க இரண்டே வழிதான் உண்டு. காரை இறக்கலாம், அல்லது டயரின் மொத்த விட்டத்தைக் கூட்டலாம். ரிம்மின் அளவுக்கு அதில் வேலையே இல்லை.

"ஆனா கண்ணுக்கு ரொம்பின மாதிரி தெரியுதே?" தெரிகிறது, மறுக்கவில்லை. தள்ளி நின்று பார்க்கும்போது கறுப்பு டயரும் அதற்கு மேலே உள்ள இருட்டும் ஒன்றாகக் கலந்து ஒரே கறுப்புப் பட்டையாகத் தெரியும். வெள்ளி நிற ரிம்மின் விளிம்பு ஃபெண்டரை நெருங்க நெருங்க அந்தப் பட்டை மெலிகிறது. கண் அதைக் கேப் குறைந்ததாக எடுத்துக்கொள்கிறது. கம்பெனி உயரத்தில் நிற்கிற காருக்கு இந்தத் தந்திரம் பலிக்கும். ஏற்கெனவே இறக்கிவிட்ட காருக்கு இது எதற்கு? அங்கேதான் ஃபெண்டரே கீழே வந்து அந்தக் கறுப்பில் பாதியை விழுங்கிவிட்டதே.

இறக்கிய காரின் சக்கரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். ஃபெண்டரின் உதடு டயரின் மேல்விளிம்பைத் தொடுகிற மாதிரி நிற்கும். இன்னும் துணிந்து இறக்கியவர்களிடம் டயருக்குள்ளேயே ஒன்றிரண்டு விரல் இறங்கியிருக்கும். சைடுவாலுக்கு உயரம் இருந்தால் ஃபெண்டர் மறைப்பது ரப்பரை மட்டும்தான். அதற்குக் கீழே ரிம் முழு வட்டமாக, ஒரு கீறல் குறையாமல் தெரியும். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் கொஞ்சம் ரப்பர் மிச்சமிருக்கும். சைடுவால் மெலிந்திருந்தால் அதே இறக்கத்தில் ஃபெண்டர் ரிம்மின் தலையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேலே ரப்பரே தெரியாது, கீழே மட்டும் ஒரு மெல்லிய கோடு. சஸ்பென்ஷன் உடைந்து கார் தொப்பென்று உட்கார்ந்துவிட்டது போன்ற தோற்றம் அதற்குத்தான் வருகிறது. விரும்பி இறக்கியதற்கும் உடைந்து இறங்கியதற்கும் வித்தியாசம் தெரிவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று. ஒரு காரைப் பார்த்ததும் அது பெரிதா சிறிதா, உயரமா தாழ்வா என்று கண் எதை வைத்து முடிவுசெய்கிறது? பெரும்பாலும் ரிம்மை வைத்து. காரிலேயே சட்டென்று கண்ணில் படுகிற முழு வட்டம் அதுதான். ரிம் பெரிதானால் அதற்கு மேலுள்ள உடம்பு சுருங்கித் தெரியும். நான்கு மீட்டருக்கும் குறைவான ஸ்விஃப்ட்டில் 17 மாட்டினால் கார் இன்னும் குட்டையாகிறது, 18 மாட்டினால் ரிமோட் கார். ரிம் அடக்கமாக இருந்தால் உடம்பு நீளும், தரையோடு படுக்கும். தாழ்வான தோற்றத்துக்காகக் காரை இறக்கியவர், அந்தத் தோற்றத்தைக் கெடுக்கிற பொருளைத்தான் தேடித் தேடி வாங்குகிறார்.

இது என் சொந்த ரசனை என்று ஒதுக்கிவிட முடியாது. காரை இறக்குவதையே ஒரு கலையாக வளர்த்தவர்கள் என்ன சக்கரம் போட்டார்கள் என்று பார்க்கலாம்.

தரையை ஒட்டிப் படுப்பதற்கென்றே பேர்போனவை லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து மெக்சிக்க அமெரிக்கர்களின் லோரைடர் கார்கள். அவர்களுடைய செல்லப் பிள்ளை 1964 செவ்ரோலே இம்பாலா. நீளம் 5.3 மீட்டர். கம்பெனி அதற்குக் கொடுத்தது 14 அங்குல ரிம். லோரைடர்காரர்கள் அதையும் கழற்றிவிட்டு 13 அங்குலத்துக்கு இறங்கினார்கள்: 13×7 கம்பி வீல், 155/80 ஆர்13 வெள்ளைப்பட்டை டயர். அத்தனை பெரிய காருக்கு மாருதி 800-ஐவிட ஓர் அங்குலம் மட்டுமே பெரிய ரிம்! காசில்லாமல் செய்த வேலை இல்லை இது. பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் ஹைட்ராலிக்குக்கும் அவர்கள் கொட்டிய பணத்தில் எந்த ரிம்மையும் வாங்கியிருக்கலாம். சின்னச் சக்கரத்தின் மேல் படுத்தால்தான் இம்பாலாவின் முழு நீளமும் எடுபடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஜப்பானிலும் அப்படித்தான். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் "ஷகோதான்" என்று பெயர் வாங்கிய தாழ்ந்த கார்களில் இருந்தவை 13, 14 அங்குல ரிம்கள்தான். அகலம் மட்டும் தாராளம். உள்ளே குழிந்த ஆழமான டிஷ். விட்டத்தைக் கூட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஐரோப்பாவுக்கு வந்தால், நம் ஊர் சலூன் கடைச் சுவர்களில்கூட ஒருகாலத்தில் போஸ்டராகத் தொங்கிய லம்போர்கினி கவுன்டாஷ் இருக்கிறது. 1978-இல் வந்த எல்.பி.400 எஸ், உயரம் சுமார் 1.07 மீட்டர். நம் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும், அவ்வளவுதான். அதன் ரிம் 15 அங்குலம். பின் டயர் 345/35. "பாருங்க, 35 ப்ரொஃபைல், எவ்வளவு மெலிசு!" என்று இங்கே ஒருவர் கை தூக்குவார். உட்காருங்கள். 35 என்பது சதவீதம். 345-இல் 35 சதவீதம் கிட்டத்தட்ட 121 மி.மீ. ஸ்விஃப்ட்டின் 65 ப்ரொஃபைல் டயரில் 120. கவுன்டாஷின் சைடுவாலும் ஸ்விஃப்ட்டின் சைடுவாலும் ஒரே உயரம். மொத்த விட்டம்கூட 622, 621 என்று ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் நிற்கிறது. உலகமே வாய் பிளந்து பார்த்த அந்தக் காரின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அளந்தால் கிடைக்கிற எண்கள், வீட்டு வாசலில் நிற்கிற ஸ்விஃப்ட்டில் அப்படியே இருக்கின்றன. வேறுபடுவது அகலமும் சக்கரம் நிற்கிற இடமும்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பி.எம்.டபிள்யூ.வின் முதல் எம்3-யும் (1986) வெளிவந்தது 15×7 ரிம், 205/55 ஆர்15 டயரோடுதான். சைடுவால் 113 மி.மீ. சக்கரம் போதவில்லை என்று அதைப் பார்த்துச் சொன்னவர் யாரும் இல்லை.

மறுபக்கத்து வாதங்களில் பலமானது ஃபார்முலா 1. "அவங்களே 18-க்குப் போயிட்டாங்களே?" போனார்கள். 2021 வரை 13 அங்குலம், 2022 முதல் 18. கூடவே டயரின் மொத்த விட்டத்தையும் 670-இலிருந்து 720 மி.மீ. ஆக்கினார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 720-இல் 457 மி.மீ. ரிம்மைக் கழித்துப் பாதியாக்கினால் சைடுவால் 131 மி.மீ. அதாவது ஃபார்முலா 1-இல் 2022-இல் வந்த "லோ ப்ரொஃபைல்" டயருக்கு ஸ்விஃப்ட்டின் சாதா டயரைவிட உயரமான சைடுவால் இருக்கிறது. பந்தயக் காரைக் காட்டி 92 மி.மீ. சைடுவாலை விற்க முடியாது.

"புதுசா வர்ற கார் எல்லாமே பெரிய ரிம்மோடதானே வருது?" இதிலும் அதே கோளாறு. கிரெட்டாவில் வருகிற 215/60 ஆர்17-ஐ அளந்து பாருங்கள். ரிம் 17 என்றாலும் சைடுவால் 129, மொத்தம் 690 மி.மீ. கார் உயரமாகி, கதவுகள் தடித்து, ஜன்னல்கள் சிறுத்துவிட்டதால் சக்கரமே மொத்தமாக வளர்ந்திருக்கிறது. ரிம் அதோடு சேர்ந்து வளர்ந்தது. அந்த உடம்புக்கு அந்தச் சக்கரம் பொருத்தம், அதில் சண்டை இல்லை. அப்படியொரு காரில் 15 மாட்டினால் தள்ளுவண்டிதான். நான் பேசிக்கொண்டிருப்பது ஸ்விஃப்ட், பழைய ஹோண்டா சிட்டி, போலோ மாதிரியான, அதிக உயரமில்லாத, இறக்குவதற்கென்றே ஆட்கள் தேடி வாங்குகிற கார்களைப் பற்றி.

பிரேக் வாதம் ஒன்று உண்டு. பெரிய டிஸ்க்கும் தடித்த கேலிப்பரும் போட்டவருக்கு 15-க்குள் இடம் பற்றாது. அவர் 16-க்குப் போகத்தான் வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 17 மாட்டியவர்களில் பலருடைய ஆரக்கால்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் தெரிவது கம்பெனி கொடுத்த அதே சின்ன டிஸ்க். பின்னால் துருப்பிடித்த டிரம். பெரிய ரிம் அந்தப் பிரேக்கின் சிறுமையைத்தான் ஜன்னல் வைத்துக் காட்டுகிறது. அழகு பேசுகிறவர்கள் இதை எப்படிச் சகித்துக்கொள்கிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

எடையைப் பற்றி ஒரு சொல் மட்டும். 15×7 அளவில் எங்கேய் ஆர்.பி.எஃப்1 மாதிரி நல்ல ரிம் ஐந்து கிலோவைத் தொடாது. மலிவான 17 அங்குல வார்ப்பு அலாய் சுமார் பத்துக் கிலோ. இந்த வித்தியாசம் நான்கு மூலையிலும் சுழன்றுகொண்டிருக்கும்.

சாலையையும் ஒரேயடியாக விட்டுவிட முடியாது, ஏனென்றால் அதுவும் அழகில்தான் வந்து முடிகிறது. மழைக்குப் பிறகு மெட்ரோ வேலை நடக்கிற எந்தச் சாலையிலாவது ஒரு மாதம் ஓட்டிய 17 அங்குல செட்டைக் கழற்றிப் படுக்கப் போட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் பளபளக்கும். திருப்பினால் உள்பக்க உதடு இரண்டு மூன்று இடங்களில் உள்வாங்கியிருக்கும். குழியின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே சைடுவால் நசுங்கி, உள்ளே இருக்கிற நூலிழைகள் அறுந்து, கோலிக்குண்டு அளவுக்கு ஓர் இடம் புடைத்திருக்கும். புடைத்த டயருக்கு வைத்தியம் கிடையாது, தூக்கி எறிய வேண்டியதுதான். வளைந்த அலாயைப் பெண்ட் எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். சூடு காட்டித் தட்டிய அலாய் எத்தனை நாள் தாங்கும் என்று அவர்களிடமே கேளுங்கள், நேராகப் பதில் வராது. இப்படி இரண்டு முறை செலவழித்தவர் கடைசியில் என்ன செய்கிறார் தெரியுமா? காரை மறுபடி ஏற்றிவிடுகிறார். ரிம் பெரிதாகி, கார் பழைய உயரத்துக்கே திரும்பி, ஃபெண்டருக்குக் கீழே கை நுழைகிற கேப்போடு போகிற கார்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

வேகத்தடையை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது இறக்கியதன் பாவம், ரிம்மின் பாவம் இல்லை. சொல்லப்போனால் அதுகூடக் கட்டுகிறவரின் பாவம். இந்தியச் சாலைக் குழுமத்தின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்த முதுகு. ஸ்விஃப்ட்டின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2.45 மீட்டர். அந்த இடைவெளிக்குள் விதிப்படியான மேடு எழும்புவது நாலரை செ.மீ.தான். 35 மி.மீ. இறக்கிய ஸ்விஃப்ட் அதை உரசாமல் தாண்டும். நம் தெருக்களில் இருப்பது கால் மீட்டர் அகலத்தில் எழுப்பிய குட்டிச் சுவர். அதற்குத் தனியாக ஒரு மறுப்புக் கட்டுரை எழுத வேண்டும்.

சரி, ரிம்மின் விட்டம் இல்லையென்றால் லுக் எதில் வருகிறது? கவுன்டாஷில் பாக்கி வைத்த விஷயம்தான்: அகலம், சக்கரம் நிற்கிற இடம். கம்பெனி கார்களின் சக்கரங்கள் ஃபெண்டருக்கு உள்ளே பதுங்கியிருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் உடம்பு அகலமாகவும் கால் ஒடுங்கியும் தெரிவது அதனால்தான். காரை எவ்வளவு இறக்கினாலும் இந்த ஒடுக்கம் போகாது. 18 அங்குலம் மாட்டினாலும் போகாது. சக்கரத்தை வெளியே கொண்டுவந்து ஃபெண்டரின் விளிம்போடு ஒரே கோட்டில் நிறுத்தினால்தான் போகும்.

இதைத் தீர்மானிப்பவை இரண்டு எண்கள். ஒன்று ரிம்மின் அகலம், ஜே என்று போட்டிருக்கும். இன்னொன்று ஆஃப்செட், ரிம்மின் உள்பக்கத்தில் ஈ.டி. என்று பொறித்திருக்கும், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காருகிற முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பது. அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால், ஹப்பிலிருந்து ரிம் எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று தெரிந்துவிடும். ஐந்தரை ஜே, 45 ஆஃப்செட் என்றால் 25 மி.மீ. ஏழு ஜே, 38 ஆஃப்செட் என்றால் 51. ஒவ்வொரு பக்கமும் 26 மி.மீ. வெளியே வருகிறது, அதுவும் 15 அங்குலத்திலேயே. காரின் முகமே மாறிவிடும். உள்பக்கமும் 12 மி.மீ. கூடும் என்பதால் ஷாக் அப்சார்பரில் இடிக்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் இந்த எண்களைக் கேட்டால், "அதெல்லாம் செட் ஆயிடும் சார்" என்பார்கள். அப்படிச் "செட்" ஆகாதபோதுதான் ஸ்பேசர், ஃபெண்டரைச் சுத்தியலால் மடிப்பது, சக்கரத்தைச் சாய்த்து வைப்பது என்று ஒவ்வொன்றாகத் தொடங்கும். சக்கரம் சாய்ந்து, உள்விளிம்பு மட்டும் தேய்ந்து, கம்பி வெளியே தெரிகிற டயரைத் தரிசிக்க விரும்புகிறவர்கள் எந்த அலைன்மென்ட் கடைக்கும் போகலாம்.

டயரின் அகலமும் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். ஏழு ஜே ரிம்மில் 195/60 ஆர்15 போட்டால் சைடுவால் கிட்டத்தட்ட நேராக நிற்கும். மொத்த விட்டம் 615. கம்பெனி டயரிலிருந்து ஒரு சதவீதம்தான் வித்தியாசம். அதே டயரை ஐந்தரையில் ஏற்றினால் வயிறு தள்ளும். மாஸ்டா எம்எக்ஸ்-5 பிரியர்கள் எட்டு ஜே ரிம்மில் 205/50 ஆர்15 போட்டுக்கொண்டு எத்தனையோ ஆண்டுகளாகத் திருப்தியாக இருக்கிறார்கள். அந்தக் கார் முதலில் வந்தது 14 அங்குலத்தில். ஏற்றியது ஒரே அங்குலம். அகலத்தைத்தான் இரண்டரை அங்குலம் கூட்டினார்கள்.

ஆகவே காரை முதலில் இறக்குங்கள். ஸ்பிரிங் படிந்து உட்காரக் கொஞ்ச நாள் ஓட்டுங்கள். பிறகு சமதளத்தில் நிறுத்தி, ஃபெண்டரின் உச்சியிலிருந்து ஒரு நூலில் நட்டு கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் வெளிவிளிம்புக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மில்லிமீட்டர் வெளியே வரலாம் என்பது அந்த எண்தான். டிசைன் கடைசியில் பார்க்க வேண்டியது. எட்டு ஓட்டை போட்டு எல்லாக் காருக்கும் பொருந்துவதாகச் சொல்கிற அலாய் என்றால் நடு ஓட்டையையும் அளக்கச் சொல்லுங்கள். ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 மி.மீ., பொது அலாய்களில் பெரும்பாலும் 73.1 இருக்கும், நடுவில் ரிங் போடாமல் மாட்டினால் எண்பதில் ஸ்டியரிங் நடுங்கும், பேலன்சிங் செய்து செய்து அலுத்துப்போவீர்கள்.

மாட்டியதும் ஃபெண்டரின் உள்விளிம்பு முழுக்கச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு மேட்டில் ஏறி இறங்குங்கள். எங்காவது சாக் அழிந்திருந்தால் 195/60-ஐக் கொடுத்துவிட்டு 195/55 ஆர்15 வாங்கிக்கொள்ளுங்கள். சைடுவால் 107 வரும், கார் இன்னும் ஒரு செ.மீ. இறங்கும், ஸ்பீடோமீட்டர் நான்கு சதவீதம் கூடுதலாகக் காட்டும். ரிம் அதே 15.